1969-இல் சஞ்சீவ ரெட்டி ஜனாதிபதி ஆகியிருந்தால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், 1969-இல் என்னதான் நடந்தது?

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி தற்காலிகப் பொறுப்பேற்றார். அடுத்த ஜனாதிபதி யார் என்பதில் காங்கிரசுக்குள் சண்டை வந்தது. ஒரு பக்கம் பிரதமர் இந்திரா காந்தி. இன்னொரு பக்கம் கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, காமராஜ், எஸ்.கே.பாட்டீல், அதுல்ய கோஷ் போன்ற மூத்தவர்கள். பத்திரிகைகள் இவர்களை ‘சிண்டிகேட்’ என்றே அழைத்தன.

ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழுவில் இந்திரா ஜகஜீவன் ராமின் பெயரைச் சொன்னார். குழு 4-க்கு 2 என்ற கணக்கில் சிண்டிகேட்டின் வேட்பாளரான மக்களவை சபாநாயகர் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. தன் பக்கம் இருப்பார் என்று இந்திரா நம்பிய ஒய்.பி.சவாணே ரெட்டிக்கு ஓட்டுப் போட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜூலை 16 அன்று மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித் துறை பறிக்கப்பட்டது. 19-ஆம் தேதி 14 வங்கிகள் அவசரச் சட்டத்தின் மூலம் நாட்டுடைமை ஆயின. அதில் கையெழுத்திட்ட கிரி, மறுநாளே பதவி விலகிச் சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் சி.டி.தேஷ்முக்கை நிறுத்தின.

ரெட்டியின் வேட்புமனுவில் கையெழுத்திட்டவர் இந்திராதான். அதே இந்திரா கடைசி நேரத்தில், உறுப்பினர்கள் மனசாட்சிப்படி ஓட்டளிக்கலாம் என்றார். ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு, 20 அன்று எண்ணிக்கை. கிரி வென்றார். நவம்பரில் காங்கிரஸ் உடைந்தது.

வேறு எத்தனையோ ஜனாதிபதி தேர்தல்கள் இருக்க, ஏன் இதை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்?

மற்றவற்றில் பெரும்பாலும் முடிவு முன்பே தெரிந்திருந்தது. 1967-இல் ஜாகிர் உசேனை எதிர்த்து, தலைமை நீதிபதிப் பதவியைத் துறந்து வந்து நின்ற சுப்பா ராவ் 3,63,971 வாக்கு மதிப்பு பெற்றார் (எம்.பி., எம்.எல்.ஏ. ஓட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அவற்றின் கூட்டுத்தொகை இது). அது கௌரவமான எண்தான், ஆனால் ஜாகிர் உசேன் பெற்றது 4,71,244. அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டுமென்றால் மொத்த அரசியல் சூழலையும் மாற்றி எழுத வேண்டும். மாற்று வரலாறு என்றால் சின்ன ஒன்றை மாற்றிப் பெரியது எப்படி நகர்கிறது என்று பார்ப்பதுதான் சுவாரசியம். இரண்டாம் விருப்ப வாக்குகளை (முதல் தேர்வு களத்திலிருந்து நீங்கினால் அடுத்து யாருக்கு என்று வாக்காளர் குறிப்பது) எண்ணித்தான் முடிவு தெரிந்தது என்று சொல்லத்தக்க ஒரே இந்திய ஜனாதிபதி தேர்தல் 1969.

எவ்வளவு நெருக்கமான போட்டி?

மொத்த வாக்கு மதிப்பு 8,36,337. ஜெயிக்க வேண்டிய எண் 4,18,169. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. மிச்சம் சிறு வேட்பாளர்களுக்குப் போனது. யாரும் எல்லையைத் தொடவில்லை. அடியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி அவர்களது இரண்டாம் விருப்பங்களைப் பிரித்தபோது கிரி 4,20,077-க்கும் ரெட்டி 4,05,427-க்கும் வந்து நின்றார்கள். வித்தியாசம் 14,650.

இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அப்போது ஒரு எம்.பி.யின் ஓட்டுக்கு மதிப்பு 576. கிரிக்குப் போட்டவர்களில் 13 எம்.பி.க்கள் ரெட்டிக்கு மாற்றிப் போட்டிருந்தால் கணக்கு 4,12,589-க்கு எதிராக 4,12,915 என்று ஆகியிருக்கும். ரெட்டி 326 மதிப்பில் வென்றிருப்பார். இரண்டு பேரும் 4,18,169-ஐத் தொடவில்லையே என்று கேட்கலாம். கடைசியில் களத்தில் மிஞ்சுகிறவரே வென்றவர் என்பது விதி. அதனால் சிக்கல் இல்லை.

அந்த 13 பேர் காங்கிரஸ் அதிருப்தியாளர்களாகத்தான் இருக்க வேண்டுமா?

அவசியமில்லை. பலரும் கவனிக்காத இடம் இது. கிரியின் வெற்றி என்றால் காங்கிரஸ்காரர்களின் மனசாட்சி ஓட்டு மட்டும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. முதல் சுற்றில் கிரியை முன்னிலைக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது சரி. ஆனால் கடைசிச் சுற்றைப் பாருங்கள். தேஷ்முக்கும் மற்றவர்களும் விட்டுச்சென்ற ஓட்டுகளிலிருந்து ரெட்டிக்கு 91,879 வந்தது. கிரிக்கும் 18,562 வந்தது. அந்த 18,562-இல் 7,326 மட்டும் ரெட்டி பக்கம் சாய்ந்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

அதாவது, ஒரே ஒரு காங்கிரஸ் எம்.பி.கூட மனம் மாறாமலே ரெட்டி ஜெயித்திருக்க முடியும். நிஜலிங்கப்பா சுதந்திரா, ஜனசங்கத் தலைவர்களைச் சந்தித்து இரண்டாம் விருப்பம் கேட்டது இதற்காகத்தான். அந்தச் சந்திப்பையே காரணம் காட்டி, வலதுசாரிகளோடு பேரம் பேசுகிறார்கள் என்று இந்திரா தரப்பு பிடித்துக்கொண்டது. தேவையான ஓட்டைத் தேடிப் போனதில் கையில் இருந்த ஓட்டும் நழுவியது. சிண்டிகேட்டின் தந்திரம் பற்றி நிறையப் பேசுகிறோம், ஆனால் அந்த ஜூலை, ஆகஸ்டில் அவர்கள் அவ்வளவு சாமர்த்தியமாக நடந்துகொள்ளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் விருப்பமே குறிக்காமல் வீணானது 10,833. அது அத்தனையும் ரெட்டிக்கு வந்திருந்தால்கூட 4,16,260-தான். கிரியைத் தாண்ட அது போதாது.

தி.மு.க. ஆதரவு இல்லாமல் கிரி ஜெயித்திருப்பாரா?

மாட்டார். 1967 தேர்தலில் 130-க்கும் மேற்பட்ட சட்டமன்ற இடங்களையும் 25 மக்களவை இடங்களையும் தி.மு.க. வென்றிருந்தது. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு அப்போது 144. வெறும் 130 பேர் என்று வைத்தாலே 18,720 வருகிறது. அந்த எம்.எல்.ஏ.க்கள் எதிரணிக்குப் போடக்கூட வேண்டாம், ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்திருந்தாலே ரெட்டி முந்தியிருப்பார். வேடிக்கை என்னவென்றால், 25 மக்களவை உறுப்பினர்கள் மட்டும் ஒதுங்கியிருந்தால் 14,400 குறைந்திருக்கும், கிரி 250 மதிப்பில் தப்பியிருப்பார்.

சரி, தி.மு.க. ஒதுங்கியிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அண்ணா மறைந்து ஆறு மாதம்தான் கடந்திருந்தது, கலைஞர் பிப்ரவரியில்தான் முதல்வர் ஆகியிருந்தார். எதிரே ரெட்டியை முன்னிறுத்தியவர்களில் காமராஜ் இருந்தார். அதே ஆண்டு ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று அவர் அரசியலில் மீண்டும் தலையெடுத்திருந்த நேரம். காமராஜின் வேட்பாளரை டெல்லியில் அமர வைக்கத் தி.மு.க. கைகொடுக்கும் என்று கற்பனை செய்தால் அது மாற்று வரலாறு ஆகாது, வெறும் கதைதான். மாற்றத்தைத் தேட வேண்டிய இடம் தேஷ்முக்கின் இரண்டாம் விருப்பம் அல்லது காங்கிரஸ் வரிசை. அங்கேதான் ஆட்கள் உண்மையாகவே தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

ரெட்டி வென்றிருந்தால் உடனே இந்திராவைப் பதவிநீக்கம் செய்திருப்பாரா?

இந்திரா தரப்பு அப்போது பரப்பிய அச்சம் இதுதான். சிண்டிகேட்டில் சிலருக்கு அந்த ஆசை இருந்திருக்கலாம். ஆனால் ஆசை இருந்தால் மட்டும் போதாது.

அன்றைய அரசியலமைப்பில் கொஞ்சம் இடைவெளி இருந்தது உண்மை. அமைச்சரவை ஆலோசனைப்படிதான் ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று 74-ஆவது பிரிவில் வெளிப்படையாக எழுதப்பட்டது 1976-இல் வந்த 42-ஆவது திருத்தத்தில்தான். உச்ச நீதிமன்றம் சம்ஷேர் சிங் வழக்கில் அதை அடித்துச் சொன்னது 1974-இல். ஆக 1969-இல் ஒரு ஜனாதிபதி தன் அதிகாரத்தை நீட்டிப் பார்க்க முடியும் என்று வாதாட ஆட்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் மக்களவையில் பெரும்பான்மை உள்ள பிரதமரை வெளியே அனுப்பினால், அடுத்து யாரை அழைப்பது? அழைக்கப்பட்டவர் சபையில் தோற்றால் ஜனாதிபதியின் மானமும் சேர்ந்து போகும்.

எனவே எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும். 1967-இல் காங்கிரஸ் 520 இடங்களில் 283 பெற்றது. நவம்பரில் கட்சி உடைந்தபோது மக்களவையில் சுமார் 220 பேர் இந்திராவோடு நின்றார்கள். கட்சிக்குள் அவரை இறக்கிவிட்டு மொரார்ஜியையோ சவாணையோ நாடாளுமன்றக் கட்சித் தலைவராக்க, அவர்களில் ஏறக்குறைய 80 பேர் இந்தப் பக்கம் வர வேண்டும். ரெட்டி வென்ற உற்சாகத்தில் சிலர் வருவார்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் 80 பேர் ஒரே வாரத்தில் வருவதைக் கற்பனை செய்ய எனக்குச் சிரமமாக இருக்கிறது. வங்கிகள் நாட்டுடைமை ஆன பிறகு தெருவில் இந்திராவுக்கு இருந்த மவுசை ஒவ்வொரு எம்.பி.யும் தன் தொகுதியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் ராஷ்டிரபதி பவனைப் பார்க்கிறார்கள். முடிவு எடுக்கப்பட்டிருக்கக்கூடிய இடம் நாடாளுமன்ற மைய மண்டபம். கிரியின் வெற்றி அங்கே இருந்த ஊசலாட்டக்காரர்களுக்கு ஒரு சேதி சொன்னது: இந்திரா ஜெயிக்கிற குதிரை. ரெட்டி வென்றிருந்தால் அந்தச் சேதி போயிருக்காது. பதவிநீக்கம், அரண்மனைச் சதி எல்லாவற்றையும்விட இதன் விளைவு பெரிது.

வங்கிகள் திரும்பத் தனியாரிடம் போயிருக்குமா?

இங்கேதான் தேதிகள் முக்கியம். அவசரச் சட்டம் ஜூலை 19. அதற்குப் பதிலாக வந்த சட்டத்துக்கு ஒப்புதல் ஆகஸ்ட் 9. இரண்டும் தேர்தலுக்கு முன்பே முடிந்துவிட்டன. இரண்டாவதில் கையெழுத்திட்டவர் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா. கிரி விலகியதால் ஜனாதிபதி நாற்காலி தற்காலிகமாக அவரிடம் வந்திருந்தது. (அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லி வந்தார், வரவேற்றவரும் இவர்தான்.) எனவே ரெட்டி பதவியேற்கும்போது 14 வங்கிகளும் ஏற்கெனவே அரசின் கையில் இருந்திருக்கும்.

சிக்கல் அடுத்த பிப்ரவரியில் வந்திருக்கும். 1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இழப்பீடு உள்ளிட்ட காரணங்களால், கூப்பர் வழக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. நான்கே நாளில் அரசு புதிய அவசரச் சட்டம் கொண்டுவந்தது, கிரி கையெழுத்திட்டார். ரெட்டி இருந்திருந்தால்? நாடாளுமன்றத்தில் மசோதாவாகவே வரட்டுமே என்று கேட்டிருக்க முடியும். நீதிமன்றத் தீர்ப்பை மதிக்க வேண்டாமா என்று நியாயமாகவே தோன்றும் ஒரு கேள்வியோடு கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். மறுப்பு என்று அதைச் சொல்ல முடியாது, வெறும் தாமதம்தான். ஆனால் தீர்ப்புக்கும் புதிய சட்டத்துக்கும் நடுவே சில வாரங்கள் விழுந்திருந்தால், வங்கிகள் யாருடையவை என்ற குழப்பம் டெபாசிட் போட்டவர்களையும் உலுக்கியிருக்கும். கடைசியில் நாட்டுடைமை நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். பழைய பங்குதாரர்களுக்கு இன்னும் தாராளமான இழப்பீடு போயிருக்கலாம்.

கையெழுத்தைத் தாமதிப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

1977 ஏப்ரலில் ஜனதா அரசு ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்கச் சொன்னபோது, தற்காலிக ஜனாதிபதி பி.டி.ஜாட்டி கையெழுத்திடத் தயங்கினார். கடைசியில் போட்டுவிட்டார். ஆனால் அந்தச் சின்னத் தயக்கமே டெல்லியை ஆட்டி வைத்தது. அவர் தற்காலிகம்தான். ஐந்து ஆண்டு பதவிக்காலத்தோடு, தன்னைத் தோற்கடிக்க முயன்ற பிரதமரின் கோப்பு மேசைக்கு வரும்போது ரெட்டி எவ்வளவு நிதானமாகப் படித்துப் பார்த்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மன்னர் மானியம்?

வங்கியைவிட இதில்தான் ரெட்டியின் கை ஓங்கியிருக்கும். முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த பணம்தான் மன்னர் மானியம். 1970 செப்டம்பரில் அதை ஒழிக்கும் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவாக 149, எதிராக 75. மூன்றில் இரண்டு பங்குக்கு 149.33 வேண்டும். ஓர் ஓட்டின் மூன்றில் ஒரு பங்கில் மசோதா விழுந்தது! உடனே அரசு, ஜனாதிபதி ஆணை மூலம் எல்லா மன்னர்களின் அங்கீகாரத்தையும் ஒரே அடியில் ரத்து செய்தது. கிரி கையெழுத்திட்டார். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

இந்த ஆணையை ரெட்டி எதிர்த்திருந்தால் சட்டம் அவர் பக்கம் இருந்தது என்று பிறகு தெரியவந்திருக்கும். நாடாளுமன்றத்தில் தோற்ற ஒன்றைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரக் கூடாது என்று சொல்வது எந்த ஜனாதிபதிக்கும் கௌரவமான நிலைப்பாடு. அரசியல் ரீதியாக யாருக்கு லாபம் என்பது வேறு விஷயம். மன்னர்களுக்குப் பணம் போவதை ஜனாதிபதி காப்பாற்றுகிறார் என்று மேடைக்கு மேடை சொல்ல இந்திராவுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. அந்தச் சண்டையில் ரெட்டி சட்டத்தில் ஜெயித்து ஊரில் தோற்றிருப்பார்.

காங்கிரஸ் உடையாமல் இருந்திருக்குமா?

1969 நவம்பரில் உடைந்திருக்காது என்பது என் ஊகம். உண்மையில் நடந்ததைப் பாருங்கள்: வேட்பாளர் தோற்றதும் சிண்டிகேட்டுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கட்சி வேட்பாளரைக் கவிழ்த்தவர்மீது நடவடிக்கை எடுக்காவிட்டால் கட்சி என்று ஒன்று இருப்பதற்கே அர்த்தமில்லை என்ற நிலை. நவம்பர் 12 அன்று இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். ரெட்டி வென்றிருந்தால் அவர்களுக்கு அந்த அவசரம் இருந்திருக்காது. இந்திராவுக்கும் உடைத்துக்கொண்டு போகும் தைரியம் அப்போதைக்கு வந்திருக்காது. இரண்டு தரப்பும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே கட்சியில் இருந்திருப்பார்கள், 1967-இல் மொரார்ஜியைத் துணைப் பிரதமராக்கிச் சமரசம் செய்துகொண்டது போல.

உடையாமலே போயிருக்குமா என்று கேட்டால், அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் தயாரிக்கும்போது உடைந்திருக்கும் என்பேன். யாருக்கு சீட்டு என்பதில் ஒத்துப்போகாத இரண்டு குழுக்கள் ஒரே சின்னத்தில் நிற்க முடியாது. ஒரு வித்தியாசம் உண்டு. அந்தச் சமயத்தில் உடைந்தால் இரட்டைக் காளைச் சின்னம் யாருக்கு, கட்சி அலுவலகங்கள் யாருக்கு என்பதில் இந்திரா பின்தங்கியிருக்கலாம்.

1971 தேர்தல்?

இந்த மாற்று வரலாற்றில் அது நடந்திருக்காது. மக்களவையின் காலம் 1972 வரை இருந்தது. சிறுபான்மை அரசை இடதுசாரிகள், தி.மு.க. ஆதரவில் ஓட்டிக்கொண்டிருந்த இந்திரா, தனக்கு வசதியான நேரம் பார்த்து 1970 டிசம்பர் 27 அன்று சபையைக் கலைக்கச் செய்தார். அதுதான் அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த கணக்கு. 518 இடங்களில் 352.

ரெட்டியிடம் அதே ஆலோசனையோடு போயிருந்தால், மாற்று அரசு அமைக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இங்கே கொஞ்சம் தயங்குகிறேன், காரணம் ரெட்டி உண்மையிலேயே பிறகு ஜனாதிபதி ஆனார். அப்போது அவர் எப்படி நடந்தார் என்று நமக்குத் தெரியும்.

எப்படி நடந்தார்?

1969-இல் தோற்றபின் ரெட்டி அனந்தபூர் பக்கம் விவசாயம் பார்க்கப் போய்விட்டார். 1977-இல் ஆந்திராவில் ஜனதா வென்ற ஒரே மக்களவை இடமான நந்தியாலில் நின்று ஜெயித்து, சபாநாயகராகி, அதே ஜூலையில் போட்டியே இல்லாமல் ஜனாதிபதி ஆனார். 1979-இல் மொரார்ஜி அரசு கவிழ்ந்தது. ரெட்டி முதலில் சவாணை அழைத்தார், முடியவில்லை. பிறகு சரண் சிங்கைப் பிரதமராக்கினார். சரண் சிங் ஒரு நாள்கூடச் சபையைச் சந்திக்காமல் விலகி, மக்களவையைக் கலைக்கச் சொன்னார். ரெட்டி ஒத்துக்கொண்டார். ஆட்சி அமைக்க உரிமை கோரிய ஜனதா தலைவருக்கு வாய்ப்பே தரவில்லை. அந்தத் தலைவர் யார் தெரியுமா? பத்து ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ரெட்டியிடம் தோற்ற அதே ஜகஜீவன் ராம்.

ஆக, ரெட்டி யாருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது என்பது தெரிகிறது. அதேசமயம், தன்னை முன்னிறுத்தியவர்கள் சொன்னபடியெல்லாம் ஆடியிருப்பார் என்று முடிவு கட்டவும் இதில் ஆதாரமில்லை. 1979-இல் பதவியிழந்த மொரார்ஜியும் பழைய சிண்டிகேட் நண்பர்தானே. 1970-இல் கலைப்பு ஆலோசனை வந்திருந்தால் அவர் கடைசியில் ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும். நான் 1972 என்று சொல்வதற்குக் காரணம் ரெட்டி மறுப்பார் என்பதைவிட, உடையாத கட்சிக்குள் பலவீனமான இந்திரா அந்த ஆலோசனையைச் சொல்லவே துணிந்திருக்க மாட்டார் என்பது.

அப்படியானால் நெருக்கடி நிலையும் வந்திருக்காது, சரிதானே?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. “ரெட்டி கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்” என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இடையில் நடக்கும் தேர்தலில் வந்தாலும் ஜனாதிபதிக்கு முழு ஐந்து ஆண்டு. 1969 ஆகஸ்டில் பதவியேற்றால் 1974 ஆகஸ்டில் முடிந்துவிடும். நெருக்கடி நிலைப் பிரகடனம் 1975 ஜூன் 25 இரவு. பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்ட அந்த நேரத்தில், இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் ஒழிய, ரெட்டி அங்கே இருந்திருக்கவே மாட்டார்.

வேறொரு வழியில்தான் தொடர்பு அறுகிறது. 1975 ஜூன் 12 அன்று இந்திராவின் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 1971-இல் ரேபரேலியில் நடந்த தேர்தலைப் பற்றியது. 1971 தேர்தலே நடக்கவில்லை என்றால் அங்கே அவரிடம் தோற்ற ராஜ் நாராயணின் அந்த வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. விலைவாசி, குஜராத், பீகார் போராட்டங்கள், ரயில்வே வேலைநிறுத்தம் எல்லாம் வேறு காரணங்களால் வந்தவை. அவை ஏதோ ஒரு வடிவில் வந்தேயிருக்கும். ஆனால் 352 பேரைத் தன் பெயரால் ஜெயிக்க வைத்த பிரதமருக்கும், கட்சி மூத்தவர்களைச் சமாளித்துக்கொண்டே வந்த பிரதமருக்கும், அமைச்சரவையைக் கேட்காமல் நள்ளிரவில் கோப்பு அனுப்பும் துணிச்சல் ஒன்றாக இருக்காது.

வங்கதேசப் போரின் முடிவு மாறியிருக்குமா?

பாகிஸ்தானில் 1970 டிசம்பர் தேர்தலும் 1971 மார்ச்சில் டாக்காவில் ராணுவம் நடத்திய கொடுமையும் டெல்லியைக் கேட்டு நடந்தவை அல்ல. அகதிகள் வந்தேயிருப்பார்கள். பிரதமர் இந்திராவாகவே இருந்திருப்பார் என்பது என் கணிப்பு, எனவே போரும் ஏறக்குறைய அப்படியே. விளைவுதான் வேறு: போரில் வென்ற மூன்று மாதத்தில், 1972 தொடக்கத்தில், மக்களவைத் தேர்தல்! உண்மையில் அந்த அலையில் பல மாநிலங்களை அவர் வாரிக்கொண்டார். மக்களவையும் சேர்ந்து வந்திருந்தால் 352-ஐயும் தாண்டியிருக்கலாம். சிண்டிகேட் 1969-இல் ஜெயித்து, 1972-இல் இன்னும் மோசமாகத் தோற்கும் வரலாறு இது. மாற்று வரலாறு எப்போதும் நாம் விரும்பும் பக்கமே போவதில்லை.

தமிழ்நாட்டில் காமராஜ் திரும்ப வந்திருப்பாரா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். 1967-இல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் தோற்றது இடங்களில். ஓட்டில் ஏறத்தாழ 41 விழுக்காடு வாங்கி, தி.மு.க.வைவிட ஒரு மயிரிழை முன்னால்தான் இருந்தது. எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்று சேர்ந்ததால் இடங்கள் போயின. இந்தக் கட்சி 1969-க்குப் பிறகு இரண்டானது. 1971-இல் இந்திரா காங்கிரஸ், சட்டமன்றத்தில் ஓர் இடத்தில்கூட நிற்காமல் தி.மு.க.வோடு கைகோத்தது. காமராஜின் ஸ்தாபன காங்கிரஸ், ராஜாஜியின் சுதந்திராவோடு சேர்ந்து நின்றது. காமராஜும் ராஜாஜியும் ஒரே மேடையில் என்பதை எந்தக் கற்பனையாளரும் 1962-இல் எழுதியிருக்க மாட்டார்! தி.மு.க. 184 இடங்களில் வென்றது. ஸ்தாபன காங்கிரஸ் ஏறத்தாழ 35 விழுக்காடு ஓட்டு வாங்கியும் 15 இடங்களோடு நின்றது.

ரெட்டி வென்று கட்சி உடையாமல் இருந்திருந்தால், டெல்லியில் ஆளும் கட்சியின் முழு ஆதரவோடு, இந்திராவின் படமும் காமராஜின் படமும் ஒரே சுவரொட்டியில், 1972-இல் தேர்தல். எதிரே தி.மு.க. தனியாக. காமராஜ் ஜெயித்திருப்பார் என்று பந்தயம் கட்ட மாட்டேன், ஆனால் 184 வந்திருக்காது. இன்னொன்றும் யோசிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் வெளியேறினார். பெரும்பான்மை மெலிந்த தி.மு.க., பலமான காங்கிரசை எதிரே வைத்துக்கொண்டு, அவரை அவ்வளவு சுலபமாக நீக்கியிருக்குமா? நீக்கியிருந்தாலும், காமராஜின் காங்கிரஸ் உயிரோடு இருக்கும்போது அதிருப்தி ஓட்டெல்லாம் புதுக் கட்சிக்கே போயிருக்குமா? 1977-இலிருந்து பல பத்தாண்டுகள் நாம் பார்த்த திராவிடக் கட்சிகளுக்குள்ளேயான போட்டி, மூன்று முனைப் போட்டியாகக் கொஞ்ச காலமாவது நீடித்திருக்கும்.

பெங்களூரில் ஜகஜீவன் ராம் பெயரையே ஏற்றுக்கொண்டிருந்தால்?

காந்தி நூற்றாண்டில் ஒரு தலித் ஜனாதிபதி என்பது இந்திராவின் வாதம். அவர் வேட்பாளராகியிருந்தால் அனேகமாகச் சிரமமின்றி வென்றிருப்பார். நாட்டுக்கு முதல் தலித் ஜனாதிபதி 1969-இலேயே கிடைத்திருப்பார். 1997-இல் கே.ஆர்.நாராயணன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது. சிண்டிகேட் நிராகரித்த பெயர்களில் இதற்காகத்தான் அவர்களைக் குறை சொல்வேன்.

தேஷ்முக் வெல்ல வாய்ப்பு இருந்ததா?

இல்லை. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர், நிதியமைச்சராக இருந்தவர், மரியாதைக்குரிய மனிதர். ஓட்டு மட்டும் இல்லை.

தோற்றிருந்தால் கிரியின் நிலை?

துணை ஜனாதிபதிப் பதவியையும் விட்டுவிட்டு வந்திருந்ததால் கையில் ஒன்றும் இருந்திருக்காது. வயது 75. பெர்ஹாம்பூரில் பிறந்து, 1937-இல் ராஜாஜியின் சென்னை அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்து, மூன்று மாநிலங்களில் ஆளுநராக இருந்தவர். ஓய்வு பெற்றிருப்பார். ரெட்டி மீது அவதூறு பரப்பும் துண்டறிக்கை சுற்றியது என்று கிரியின் வெற்றியை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கும் வந்திருக்காது. அந்த வழக்கில் பதவியில் இருக்கும் ஜனாதிபதியே நேரில் வந்து சாட்சி சொன்னார். உச்ச நீதிமன்றம் 1970-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது.